கடைசி ஆள் ஏறும்வரை

எங்கள் ஆய்வுகூடக் குளிர்சாதனப் பெட்டியின் இரண்டாம் தட்டில் ஒரு சின்னப் போத்தல் எப்போதும் இருக்கும். உள்ளே தண்ணீர் மாதிரி ஒரு திரவம். பெயர் கொல்செமிட். ரொறன்ரோவில் ஒரு வைத்தியசாலையின் மரபியல் பிரிவில் இருபத்தைந்து வருடமாக வேலை செய்கிறேன். இத்தனை வருடத்தில் அந்தப் போத்தலை எடுக்காமல் போன வேலைநாட்கள் மிகக் குறைவு. என்ன வேலை என்று யாராவது கேட்டால் நிறமூர்த்தம் எண்ணுகிறேன் என்பேன். ஊரில் உயர்தரம் படித்தவர்களுக்கு அது விளங்கும். தமிழ்நாட்டு நண்பர்களுக்குக் குரோமோசோம் என்று சொல்லவேண்டும். இங்கே பிறந்த பிள்ளைகளுக்கு இரண்டுமே ஒன்றுதான், இரண்டுமே புதினம்.

நாங்கள் படித்த புத்தகத்தில் செல் என்ற சொல்லே இல்லை. கலம் என்றுதான் இருந்தது. கலப்பிரிவு, இழையுருப்பிரிவு, அனு அவத்தை. இந்தச் சொற்களை இங்கே ஆங்கிலத்தில் மறுபடி படித்தபோது எனக்குச் சிரமம் இருக்கவில்லை. ஆனால் கலம் என்ற சொல்லை மட்டும் விட மனம் வரவில்லை. அது பாத்திரமும் ஆகும், கப்பலும் ஆகும். செல் என்றால் சுவர் வைத்த சிறு அறை. உயிருள்ள ஒன்றுக்கு எங்கள் சொல் பொருத்தம் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

நிறமூர்த்தத்தை எந்த நேரமும் பார்க்க முடியாது. கலத்தின் வாழ்நாளில் பெரும்பகுதி அது குலைந்த நூல்கட்டுப் போல் கருவுக்குள் கிடக்கும். கலம் பிரியப்போகும் கொஞ்ச நேரத்துக்குத்தான் சுருண்டு தடித்து, தனித்தனியாக எண்ணக்கூடியதாக வரும். அந்த நேரத்தில் கலத்தைப் பிடித்து நிறுத்தவேண்டும். அதற்குத்தான் கொல்செமிட். வந்த இரத்தத்தை மூன்று நாள் வளர்த்து, கொல்செமிட் விட்டு, பிறகு ஐதான உப்புக் கரைசலில் கலங்களை வீங்கவைத்து, மெதனோலும் அசற்றிக் அமிலமும் கலந்த திரவத்தில் பதப்படுத்தி, கண்ணாடித் தகட்டில் கொஞ்சம் உயரத்திலிருந்து சொட்டாக விழுத்தவேண்டும். அறை முழுக்க வினாகிரி மணக்கும். கலம் தட்டையாகப் பரந்து நாற்பத்தாறும் விலகிக் கிடக்கும்.

மனிதருக்கு நாற்பத்தாறு என்பதே 1956இல்தான் உறுதியானது. அதற்கு முன்னர் முப்பது வருடத்துக்கு மேலாக நாற்பத்தெட்டு என்றுதான் உலகம் முழுக்கப் படிப்பித்தார்கள். ஸ்வீடனின் லுண்ட் நகரில் ஜோ ஹின் சியோவும் அல்பேர்ட் லெவானும் சரியாக எண்ணிச் சொன்னார்கள். அவர்கள் கலங்களை நிறுத்தப் பாவித்தது கொல்சிசின். எங்கள் கொல்செமிட்டுக்கு மிக நெருங்கிய சொந்தம். கொல்செமிட் நச்சுத்தன்மை குறைந்தது, அவ்வளவுதான்.

கொல்சிசினை 1820இல் பிரான்சில் பெல்லத்தியேயும் கவந்துவும் பிரித்தெடுத்தது ஐரோப்பாவின் ஒரு செடியிலிருந்து. ஆனால் அதே பொருள் நிறைய இருக்கும் இன்னொரு செடியை இந்தச் சஞ்சிகையை வாசிக்கும் எல்லோருக்கும் தெரியும். கார்த்திகைப் பூ. சங்கப் பாட்டில் காந்தள்; கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கும் பூக்களில் முதலாவது. தமிழ்நாட்டின் மாநிலப் பூ. அங்கே கண்வலிக்கிழங்கு என்று பெயர் வைத்து, மூலனூர்ப் பக்கம் தோட்டமாகவே செய்கிறார்கள். விதையை மருந்துக் கம்பனிகளுக்கு விற்கிறார்கள், அதிலிருந்து கீல்வாதத்துக்கு மருந்து வருகிறது. எங்கள் ஊரில் யாரும் அதை நடுவதில்லை. மாரி தொடங்க வேலியில் தானாக ஏறும். பூவைப் பிடுங்கலாம், கிழங்கைத் தொடக்கூடாது என்று சொல்லித்தான் பிள்ளைகளை வளர்ப்பார்கள்.

அது கலத்துக்குள் போய் என்ன செய்கிறது? கலம் பிரியும்போது அதன் இரண்டு முனைகளிலிருந்தும் மெல்லிய நார்கள் வளரும். கதிர்நார் என்று படித்தோம். ஒவ்வொரு நிறமூர்த்தமும் இரட்டையாக ஒட்டியிருக்கும். அந்த இரட்டையில் ஒன்றை ஒரு பக்க நாரும் மற்றதை மறுபக்க நாரும் பிடிக்கவேண்டும். நாற்பத்தாறு இரட்டைகள், தொண்ணூற்றிரண்டு பிடிகள். எல்லாம் சரியென்றால் இரண்டு பக்கமும் இழுக்க, கலம் இரண்டாகும். அந்த நார்கள் ரியூபியூலின் என்ற புரதக் கற்களை அடுக்கி அடுக்கிக் கட்டப்படுபவை. கொல்சிசின் அந்தக் கல்லில் போய் ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய கல் அடுக்கில் ஏறினால் மேலே கட்ட முடியாது. உண்மையில் அந்தப் புரதத்தைக் கண்டுபிடித்ததே கொல்சிசினை வைத்துத்தான். 1967இல் சிக்காகோவில் போரிசியும் ரெயிலரும் கதிரியக்கம் ஏற்றிய கொல்சிசினைக் கலங்களுக்குள் விட்டு, அது எதைப் போய்ப் பிடிக்கிறது என்று பார்த்தார்கள்.

நார் இல்லையென்றால் பிரிவு குழம்பிப் போகும், அது விளங்குகிறது. ஆனால் கலம் ஏன் அப்படியே *நிற்கிறது*? அரைகுறையாக ஏன் பிரிந்துவிடவில்லை? வேலையில் சேர்ந்த புதிதில் என்னைக் குடைந்த கேள்வி இதுதான்.

பதிலில் வரும் சொல்லைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பும் வந்தது, வேறு எதுவோவும் வந்தது. செக் பொயின்ற். 1989இல் ஹார்ட்வெல், வைனேர்ட் என்ற இருவர் எழுதிய கட்டுரையிலிருந்து இந்தச் சொல் இந்தத் துறையில் நிலைத்தது. கலம் ஒரு கட்டத்திலிருந்து அடுத்ததுக்குப் போகுமுன் முந்திய வேலை முடிந்ததா என்று பார்க்கும் இடங்கள் இருக்கின்றன, முடியாவிட்டால் பயணம் நிற்கும் என்பது அதன் சாரம். ஹார்ட்வெல்லுக்கு 2001இல் நோபல் கிடைத்தது. அமெரிக்காவில் இருந்து எழுதியவர்களுக்கு அந்தச் சொல் என்ன படத்தைக் கொடுத்ததோ. எனக்குக் கொடுத்தது மணல்மூட்டை, வரிசை, அடையாள அட்டை.

2003இல் சமாதான காலத்தில் ஊருக்குப் போனேன். ஏ9 வீதியில் ஒரு சோதனைச்சாவடியில் பஸ்ஸால் எல்லோரையும் இறக்கினார்கள். பைகளைத் தூக்கிக்கொண்டு நடந்து, அட்டையைக் காட்டி, மறுபக்கம் போய் ஏறவேண்டும். எல்லோரும் ஏறிவிட்டோம். பஸ் வெளிக்கிடவில்லை. கொண்டக்ரர் தலைகளை எண்ணிவிட்டு, "ஒராள் குறையுது" என்றார். ஒரு வயோதிபரின் அட்டையில் படம் அழிந்துபோயிருந்ததாம். வெயில். பின் இருக்கையில் ஒரு குழந்தை அழுதது. ஒருத்தர் விட்டிட்டுப் போவம் என்று சொல்ல, மற்றவர்கள் அவரைத் திட்டினார்கள். முக்கால் மணித்தியாலம் நின்றோம். அவர் வந்து ஏறியதும் கொண்டக்ரர் கதவில் இரண்டு தட்டுத் தட்டினார்.

அந்த பஸ்தான் இந்த விஷயத்தை எனக்கு விளக்கியது என்றால் மிகையில்லை. ஆனால் விளக்கியது சாவடியல்ல, கொண்டக்ரரின் கணக்கு. கலத்துக்குள் துவக்கோடு நிற்கும் காவலாளி யாருமில்லை. நார் பிடிக்காத நிறமூர்த்தமே, தான் இன்னும் ஏறவில்லை என்று சத்தம் போடுகிறது. நார் வந்து பற்றவேண்டிய அதன் இடுப்புப் பகுதியில் மாட், பப் என்ற குடும்பப் புரதங்கள் கூடி ஒரு தடுப்புப் பொருளை விடாமல் செய்து கலம் முழுக்க அனுப்பும். இரட்டைகளைப் பிரிக்கும் கத்திரி அதுவரை உறையைவிட்டு வராது. நாற்பத்தைந்து சரியாக ஏறியிருக்கலாம். ஒன்றே ஒன்று ஏறாவிட்டாலும் அத்தனையும் காத்திருக்கும்.

இந்தப் புரதங்களை 1991இல் அமெரிக்காவில் இரண்டு குழுக்கள் தனித்தனியே கண்டுபிடித்தன. வழி கிட்டத்தட்ட ஒன்றுதான். ஈஸ்ற்றுக்கு, அப்பத்துக்குப் போடும் அதே ஈஸ்ற்றுக்கு, கதிர்நாரைக் குலைக்கும் ஒரு பூஞ்சைகொல்லியைக் கொடுத்தார்கள். சாதாரண ஈஸ்ற் பிரியாமல் நின்று, மருந்து நீங்கியதும் பிழைத்துக்கொண்டது. சில மட்டும் நிற்கத் தெரியாமல் பிரிந்து, நிறமூர்த்தங்களைக் கண்டபடி சிதறவிட்டுச் செத்தன. அந்தச் சிலவற்றில் எது பழுது என்று தேடியபோது மாட்டும் பப்பும் அகப்பட்டன. நஞ்சு போட்டுப் பார்த்திராவிட்டால் காவல் இருப்பதே தெரிய வந்திருக்காது.

எனக்கு எல்லாவற்றிலும் பிடித்தது ரீடர் என்பவர் நியூயோர்க் மாநிலத்தின் ஒல்பனியில் செய்தது. அவுஸ்திரேலியாவின் பொட்டரூ என்ற சிறு கங்காரு இனத்தின் சிறுநீரகக் கலங்களை அவர் நுணுக்குக்காட்டியில் பார்த்துக்கொண்டிருந்தார். அதில் நிறமூர்த்தம் குறைவு, பெரிசு. கடைசி நிறமூர்த்தம் பிடிபட்டதிலிருந்து சராசரியாக 23 நிமிடத்தில் பிரிவு தொடங்கியது. பிறகு, 1995இல், கடைசி ஒன்று பிடிபடாமல் கிடக்கும்போதே அதன் பிடிக்கும் இடத்தை லேசர் கதிரால் பொசுக்கிவிட்டார். நார் அதைப் பிடிக்கவில்லை, இனிப் பிடிக்கவும் போவதில்லை. ஆனால் கத்தும் வாய் இல்லை. கலம் அதை விட்டுவிட்டுப் புறப்பட்டுப் போயிற்று.

இதை முதல்முறை வாசித்த அன்று பின்னேரம் வேலை ஓடவில்லை.

2018 மார்கழியில் சின்னம்மாவின் மகன் தொலைபேசி எடுத்தான். அவனுடைய இளையவளுக்கு அப்போது ஐந்து வயது. காய்ச்சல் விடவில்லை, காலில் நீல நீலமாய்க் கண்டல்கள். வேறொரு வைத்தியசாலையில் சேர்த்து எலும்பு மச்சை எடுத்திருந்தார்கள். லூக்கீமியா. பிள்ளைகளுக்கு அதிகம் வரும் வகை. நிறமூர்த்த அறிக்கை வந்த அன்று எனக்குத்தான் முதலில் வாசித்துக் காட்டினான். எழுத்தெழுத்தாக, இடையிடையே நிறுத்தி. ஐம்பத்தைந்து என்று தொடங்கியது. நாலாவதில் ஒன்று கூட, பத்தாவதில் ஒன்று கூட, இருபத்தொன்றில் இரண்டு கூட.

"இது நல்லது, தம்பி" என்றேன்.

"கூட இருக்கிறது எப்பிடி அக்கா நல்லது? நீங்கள் சும்மா சொல்லுறீங்கள்."

சும்மா சொல்லவில்லை. இந்த நோயில் ஐம்பத்தொன்றுக்கு மேல் எண்ணிக்கை வந்தால் மருந்துக்கு நன்றாகக் கேட்கும். அந்தக் கலங்கள் சில மருந்துகளைத் தங்களுக்குள் கூடுதலாகச் சேர்த்துவைக்கும், சாகவும் இலகுவில் சாகும். தொலைபேசியை வைத்த பிறகு நினைத்தேன்: எங்கேயோ ஒரு ஆய்வுகூடத்தில் என்னைப்போல் ஒருத்தி அந்தப் போத்தலை எடுத்து, இந்தப் பிள்ளையின் கலங்களை அனு அவத்தையில் நிற்பாட்டியிருக்கிறாள். அதனால்தான் அந்த எண் வந்தது.

சிகிச்சையின் முதல் மாதத்தில் வாரம் ஒருமுறை நாளத்தில் ஏறிய மருந்துகளில் ஒன்று வின்கிறிஸ்ரின். அது பட்டிப்பூவிலிருந்து வருவது. தமிழ்நாட்டில் நித்தியகல்யாணி என்பார்கள். இதன் கதை எங்களுக்குப் பக்கத்து ஊர்க் கதை. 1952இல் யமேக்காவிலிருந்து ஒரு தபால் உறையில் இருபத்தைந்து இலைகள் ரொறன்ரோவில் கிளார்க் நோபல் என்ற வைத்தியருக்கு வந்தன. அங்கே சனங்கள் சலரோகத்துக்கு இந்த இலையை அவித்துக் குடிக்கிறார்கள், என்னவென்று பாருங்கள் என்று குறிப்பு. இன்சுலின் ஆராய்ச்சியில் பான்ரிங்குக்கு யார் முதலில் உதவுவது என்று நாணயம் சுண்டியபோது பெஸ்ற்றிடம் தோற்றவர் இந்த நோபல்தான் என்பார்கள். அவர் இலையைத் தன் சகோதரன் றொபேர்ட்டிடம் கொடுத்தார். ஒன்ராறியோ லண்டனில், 401 நெடுஞ்சாலையில் இங்கிருந்து இரண்டு மணித்தியால ஓட்டம், எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். சீனி குறையவில்லை. எலிகள் கிருமி தொற்றிச் செத்தன. பார்த்தால் வெண்குருதிக் கலங்கள் அற்றுப்போயிருந்தன. வேறொருவர் என்றால் இலையைக் குப்பையில் போட்டிருப்பார். றொபேர்ட் நோபலும் சார்ள்ஸ் பியரும் அதிலிருந்து வின்பிளாஸ்ரினைப் பிரித்து 1958இல் அறிவித்தார்கள். அதன் தங்கைதான் வின்கிறிஸ்ரின், அமெரிக்கக் கம்பனி ஒன்று எடுத்தது. 1963இல் பாவனைக்கு வந்தது.

கொல்சிசின் பிடிக்கும் அதே ரியூபியூலினைத்தான் இதுவும் பிடிக்கிறது, இடம் மட்டும் வேறு. வேலை ஒன்று: நாரைக் கட்டவிடாமல் செய்வது. மற்றதைக் கலமே செய்துகொள்ளும். ஏறாமல் நிற்கும் நிறமூர்த்தங்கள் கத்தும், கலம் காத்திருக்கும், மணிக்கணக்காகக் காத்திருந்து பல கலங்கள் தம்மைத்தாமே அழித்துக்கொள்ளும். எல்லாம் அல்ல. சில, தடுப்புப் பொருள் இருக்கும்போதே மெல்ல மெல்லக் கசிந்து, பிரியாமலே வெளியேறி, இரட்டிப்பு நிறமூர்த்தத்தோடு வாழ்க்கையைத் தொடரும். (தாவரத்தில் கொல்சிசினால் இப்படி இரட்டிப்பாக்கி, அதைச் சாதாரணச் செடியோடு கலந்துதான் விதையில்லா வத்தகப்பழம் வருகிறது. கடையில் அதை வாங்கும்போதெல்லாம் எனக்கு வேலை ஞாபகம் வரும்.) அதனால்தான் ஒரு மருந்தோடு விடாமல் நாலைந்தைச் சேர்த்துக் கொடுக்கிறார்கள். இந்த வகையில் இன்றைக்குக் கனடா போன்ற நாடுகளில் பத்துப் பிள்ளைகளில் ஒன்பது பேர் பிழைக்கிறார்கள். 1960க்கு முன்பு அநேகமாக ஒருவரும் பிழைத்ததில்லை.

மருந்துக்கு எது நோய்க் கலம், எது நல்ல கலம் என்று தெரியாது. அடிக்கடி பிரிகிற எதுவும் அதற்கு அகப்படும். குடலின் உட்சுவர், மச்சை, மயிர்க்கால். மூன்றாம் கிழமை பிள்ளையின் தலைமயிர் தலையணையில் ஒட்டிக் கிடந்தது. தாய் குளியலறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டாள். நான் தலையணை உறையை மாற்றப் போக, சின்னம்மா என் கையிலிருந்து அதை வாங்கினார்.

"எனக்கும் உப்பிடித்தான் கொட்டினது" என்றார். "பத்துப் பன்னிரண்டு நாளாலை. கை வைச்ச இடமெல்லாம் கையோடை வந்தது. புருவமும் போச்சு."

எனக்கு ஏழு வயதில் நடந்தது அது, 1974. சின்னம்மாவுக்குப் பத்தொன்பது. கிழங்கு மாறிப்போச்சு என்றுதான் எங்களுக்குச் சொன்னார்கள். வத்தாளங்கிழங்கு என்று நினைத்து அவித்துவிட்டாவாம். அப்படிப் பலருக்கு நடந்திருக்கிறது. ஆனால் அன்று வீட்டில் வேறு யாரும் அந்தக் கிழங்கைச் சாப்பிடவில்லை, இது எனக்குப் பிறகுதான் உறைத்தது. ஆசுபத்திரியில் மூன்று கிழமை. திரும்பி வந்தபோது சேலைத் தலைப்பால் தலையை மூடியிருந்தார். அதற்குப் பிறகு அந்த வீட்டில் அந்த விஷயம் பேசப்படவில்லை. கலியாணம் பல வருடம் பிந்தியது.

பட்டதாரிப் படிப்புக் காலத்தில் நூலகத்தில் ஒருநாள், 1966இல் பிரித்தானிய மருத்துவச் சஞ்சிகை ஒன்றில் வந்த சிறு குறிப்பைப் பார்த்தேன். கார்த்திகைக் கிழங்கு உண்டு பிழைத்த ஒரு பெண்ணுக்கு உடல் முழுக்க முடி உதிர்ந்தது பற்றி. சின்னம்மாவின் மூடிய தலை எனக்கு அன்றுதான் விளங்கியது. ஆனால் அதை அவரிடம் சொல்லும் சந்தர்ப்பம் நாற்பத்துநாலு வருடமாக வரவில்லை. இப்போது அவராகவே தொடங்கியதும் சொன்னேன். இரண்டும் வேறு வேறு செடி, ஆனால் உள்ளே போய்ச் செய்கிற வேலை ஒன்று என்று. பஸ் கதையையும் சொன்னேன். தலையணை உறையை மடித்தபடி கேட்டார்.

"அப்ப என்ரை உடம்பிலையும் எல்லாம் அப்பிடியே நிண்டதோ?"

"ஓம் சின்னம்மா. கொஞ்ச நாள்."

"பேந்து ஓடினது."

"பேந்து ஓடினது."

அவர் அறைக்குள் போய்ப் பிள்ளைக்குப் பக்கத்தில் படுத்து, தன் பின்னலைத் தூக்கிக் காட்டி, அப்பம்மாவுக்கும் ஒருக்கால் மொட்டைதான், பார் இப்ப எவ்வளவு நீளம் என்று சொல்வது கேட்டது. பிள்ளை அதை நம்பவில்லை. படம் காட்டச் சொன்னது. படம் இல்லை, அந்த வருடம் சின்னம்மாவை யாரும் படம் எடுக்கவில்லை. உயிர்ப்பயம் பேசிப் பேசிக் களைத்திருந்த அந்த வீட்டில், தன் பழைய மொட்டையை வைத்து ஒரு பிள்ளையோடு அரைமணி நேரம் வாதாட முடிந்தது அவர் ஒருவரால்தான். வைத்தியர்கள் எங்களுக்குக் கொடுத்த எந்தப் புள்ளிவிபரமும் அதைச் செய்யவில்லை.

மயிர் வளர்ந்தது. கால்தான் தாமதித்தது. நரம்புக்குள் பொருட்கள் போய்வரும் தண்டவாளங்களும் ரியூபியூலினால் ஆனவை. வின்கிறிஸ்ரின் அவற்றையும் கெடுக்கும். இதற்கும் கலப்பிரிவுக்கும் சம்பந்தமில்லை, நரம்புக் கலங்கள் பிரிவதில்லை. முதுகுத்தண்டிலிருந்து ஆக நீளமாக ஓடும் நரம்பு பாதத்துக்குப் போவது. முதலில் அடிபடுவதும் அதுதான். பிள்ளை பாதத்தை இழுத்து இழுத்து நடந்தது. ஒரு வருடம் பிளாஸ்ரிக் தாங்கி போட்டது. சிகிச்சை 2021 வசந்தத்தில் முடிந்தது. இப்போது பள்ளிக்கூடத்தில் உதைபந்தாட்டம், இடது கால் கொஞ்சம் பின்தான், தெரிந்தவர்களுக்குத்தான் தெரியும்.

அந்த வருடம் மே மாதம் சின்னம்மாவைப் பூங்கன்று விற்கும் இடத்துக்குக் கூட்டிப்போனேன். ஸ்காபரோவில் கோடைக்குப் பட்டிப்பூவைத் தட்டுத் தட்டாக அடுக்கி விற்பார்கள். வெள்ளையும் ஊதாவுமாக இரண்டு தட்டு எடுத்தார். காசு கொடுக்கும் இடத்துக்குப் பக்கத்தில் கிழங்குப் பொதிகள் தொங்கின. ஒன்றில் கார்த்திகைப் பூவின் படம். உள்ளே ஒரு கிழங்கு, மரத்தூளுக்குள். சின்னம்மா அதைக் கழற்றி, கண்ணாடியை ஏற்றிப் பார்த்தார். பின்பக்கத்தில் ஆங்கிலத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். வாசித்தேன்: வெயில் வேண்டும், ஏறுவதற்குப் பந்தல் வேண்டும், உண்ணக்கூடாது.

"வேண்டாம்" என்று திருப்பிக் கொளுவினார். "வீட்டிலை சின்னனுகள் இருக்கு. இந்தப் பட்டிப்பூக்குத் தண்ணி கனக்க விடாதை எண்டு அவனுக்குச் சொல்லு."